அப்பாயியைச் சென்னைக்கு அனுப்ப முடியாது

பாப்பா,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். உன் படத்தின் ஒப்பாரிக் காட்சியில் பம்புசெட் மோட்டார் சத்தம் விழுந்துவிட்டது, கீழத்தெரு அப்பாயியை டப்பிங்குக்குச் சென்னை அழைத்து வாருங்கள் என்றாய். அது நடக்காது.

அன்று அவரைப் பாடவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்று அவர் மருமகள் ஒரே பிடியாக நின்றாள். நம் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாமா என்று வாயெடுத்தேன். உன் அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டேன். அப்புறம்தான் களத்துமேட்டில் கீற்றுக்கொட்டகை போட்டது. பிணமாகப் படுக்க ஒத்துக்கொண்ட உன் பெரியப்பாவும் சும்மா படுக்கவில்லை. நெற்றியில் காசு வைக்கக் கூடாது, கால் கட்டைவிரலைக் கட்டக் கூடாது என்று பேசி முடித்த பிறகே படுத்தார். குளோசப்பில் காலைக் காட்டாதே என்று நான் சொன்னது அதனால்தான்.

அப்பாயி நீ எழுதிக்கொடுத்த வரியைப் பாடவில்லை, கவனித்தாயா? செத்துப்போன தன் புருஷனை அழைத்துப் பாடினார். பாதியில் கரண்ட் வந்தது, ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. நீ "இன்னொரு தடவை அப்பாயி" என்றாய். "ஒரு சாவுக்கு எத்தனை தடவைடி அழுவுறது?" என்று முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்றைய கூலியைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

பழகிய நடிகர் திரையில் தன் வாயசைவைப் பார்த்து அதே அளவில் பேசிவிடுவார். ஒப்பாரி அந்த நேரத்துக்கு வாயில் வருவதைக் கட்டிப் பாடுவது. அன்று வந்த சொல் அவருக்கே இன்று நினைவிருக்காது. எந்த உதட்டுக்கு எதைப் பொருத்துவாய்?

மற்றதெல்லாம் எப்படியோ சமாளித்தோம். ஜூன் 12 மேட்டூர் திறந்ததும் ஊரே குறுவை வேலையில் இறங்கிவிடும், அந்த நேரத்தில் ஷூட்டிங் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நாற்றங்காலில் பாதி எடுத்த காட்சிக்குப் பத்து நாள் கழித்து வந்தாய். நாற்றைப் பறித்து நட்டே முடித்திருந்தார்கள். அதே பச்சையில் வேறு நாற்றங்கால் தேடி நீடாமங்கலம் வரை வண்டியில் திரிந்தது நானும் பெரியப்பாவும். உன் கதாநாயகன் மச்சான் கல்யாணத்துக்குத் தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்ற கதையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உனக்கு வராது, சரி.

சத்தத்துக்கு ஒரு வழி தோன்றுகிறது. நம் பக்கம் மும்முனை கரண்ட் வந்தால் மோட்டார் ஓடத்தான் செய்யும், சாவு வீடென்று அது பார்க்குமா? பாட்டின் நடுவே மோட்டார் சத்தம் தொடங்குகிற இடத்தில், குழாயில் தண்ணீர் விக்கிவிக்கி வந்து கொட்டுவதை ஒரு ஷாட் போட்டுப் பார். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். அப்பாயி அழுகையிலும் கைவைக்க வேண்டாம்.

காமிராக்காரத் தம்பியை மட்டும் மன்னார்குடி ரயிலில் ஏற்றிவிடு. கொட்டகையை இன்னும் பிரிக்கவில்லை.

அப்பா