கேமரா பிடிக்கும், சரி, கஸ்டமர் பிடிக்குமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது, கூடவே கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பள்ளியில் பேச்சுப்போட்டி என்றாலே உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்த ஆளா நாலு பேரிடம் பேசி வியாபாரம் பண்ணப்போகிறான் என்று வீட்டில் சொன்னேன். "ஏன், வாயாடிகள்தான் தொழில் பண்ணணுமா?" என்று என் மனைவி திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்விதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். அச்சகத்தில் டிஜிட்டல் மெஷின் வந்த பிறகு சின்ன ஆர்டர்கள் கூடியிருக்கின்றன. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, உன் விஷயம். கூரியர் ஏஜென்சி, அண்ணனோடு சேர்ந்து கட்டுமானப் பொருள் வியாபாரம், போட்டோ ஸ்டுடியோ என்று மூன்று யோசனை சொல்லியிருந்தாய். கூரியருக்கு ஒரு வரி, கட்டுமானப் பொருளுக்கு இரண்டு வரி, கேமராவுக்கு ஒன்றரைப் பக்கம். மனசு எங்கே இருக்கிறது என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன், அதில் கஸ்டமர் என்று ஒருவர் வரவே இல்லையே! விடியற்காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன்கொத்தி எப்போது பாயும் என்று காத்திருப்பதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். யாரும் பேசாத இரண்டு மணி நேரம், அதுதான் உனக்குப் பிடித்தது. ஸ்டுடியோ வைத்தால் உன் நாள் எப்படிப் போகும் என்று யோசித்தாயா? ஒரு கல்யாணத்தில் இரண்டாயிரம் படம் எடுப்பாய். வந்து இரண்டு டிஸ்க்கில் காப்பி போட வேண்டும். கண் மூடியவை, ஆடிப்போனவை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கலர் சரிசெய்து, ஆல்பம் வடிவமைத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று வாரம் சத்தமே இருக்காது. பிறகு ஒரு ராத்திரி போன் வரும்: பெண்ணின் அத்தை ஒரு படத்தில்கூட இல்லையாம், மாப்பிள்ளையின் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்க வேண்டுமாம். மறுபடி திருத்தம். ஆல்பம் கைக்குப் போகிற வரை மீதிப் பணம் நிற்கும். இத்தனையிலும் கேமரா உன் கையில் இருக்கிற நேரம் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. என் தொழிலும் இதே கதைதான். எனக்கு எழுத்துருக்கள் மேல் எவ்வளவு பைத்தியம் என்று உனக்குத் தெரியும். அச்சகம் நடத்துகிறவனுக்கு எழுத்துருவோடு உட்கார நேரம் கிடைப்பதே அபூர்வம். போன வாரம் ஒருவர் போனை நீட்டி, "இந்த நீலம் ஏன் இதில் இல்லை?" என்று பிரசுரத்தைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, நாங்கள் நான்கு மையைக் கலந்து காகிதத்தில் காட்டுகிறோம். அந்தப் பளீர் நீலம் இந்த நான்கு மைக்குள் வரவே வராது. ப்ரூஃபில், அதாவது அச்சடிக்கும் முன் காட்டுகிற மாதிரித் தாளில், அவர் போட்ட கையெழுத்தைக் காட்டி, காகிதத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, அரைமணி நேரம் பேசி அவரைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினேன். ரகசியம் என்னவென்றால், எனக்கு அந்த அரைமணி நேரம் பிடித்திருந்தது. காகிதக்காரரிடம் பேரம் பேசுவதும் பிடிக்கும். நான் இந்தத் தொழிலில் நிலைத்ததற்கு எழுத்துருவைவிட இந்த வாய்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதே அரைமணி நேரம் உனக்கு வாய்த்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்திருப்பாய்.

அதனால்தான் 'எனக்கு எது பிடிக்கும்' என்று மட்டும் கேட்டால் போதாது என்கிறேன். அந்தத் தொழிலில் எரிச்சலான வேலை எது, அதை நான் தாங்குவேனா என்றும் கேட்டுப் பார்.

பிடித்ததற்குக் காசு வாங்க ஆரம்பித்தால் பிடிப்பே குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறாய். அது வெறும் மனப்பிரமை இல்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் மீன்கொத்தியை வியாபாரத்துக்குள் இழுக்காமல் உனக்கென்று தனியாக வைத்துக்கொள்.

ஆளை நான்கு ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிற, நீ இணையத்தில் எழுதிப் பார்த்த அந்த ஆளுமைத் தேர்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நிறையப் பேருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. அதில் 'உள்முகம்', அதாவது அமைதியான ஆள், என்று வந்துவிட்டதே என்று நீ கலங்கத் தேவையில்லை. என் மனைவி கேட்ட கேள்விக்கு ஓரளவு பதிலும் இருக்கிறது. ஆடம் கிராண்ட் என்பவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் தொலைபேசி மூலம் விற்கும் 340 பேரின் விற்பனை வருமானத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். கலகலப்பின் உச்சியில் இருந்தவர்களுக்கும் ரொம்ப அமைதியானவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் விற்றிருந்தார்கள். அதிகம் பேசுகிறவன் எதிராளி சொல்வதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. (என்னைச் சொல்கிறாய் என்று தெரிகிறது.)

குணம் உண்மையிலேயே இடிக்கிற இடம் பணம். தொழிலுக்குத் தொழில் பணம் வருகிற தாளம் வேறு. கூரியரில் தினமும் சில்லறை வரும், ஆனால் தினமும் கடை திறந்தாக வேண்டும். வழியில் தொலைந்த பார்சலுக்கும் நீதான் திட்டு வாங்குவாய். ஸ்டுடியோவில் சீசன் என்றால் மூச்சுவிட நேரமிருக்காது, சீசன் போனால் ஈ ஓட்ட வேண்டும். கட்டுமானப் பொருள் முழுக்கக் கடனில் ஓடுகிற வியாபாரம். சரக்கு உன் காசில் போகும், காண்ட்ராக்டருக்கு அவர் வேலை முடிந்து பணம் வந்த பிறகுதான் உனக்கு வரும். லாபம் நோட்டில் இருக்கும், கல்லா காலியாக இருக்கும். அந்த வியாபாரத்தில் பாதி நாள் வசூலுக்குத்தான் போகும். உன்னால் ஒருவனிடம் போய் "பாக்கி எப்போது?" என்று நாலாவது தடவை கேட்க முடியுமா? கல்லூரியில் உன்னிடம் வாங்கிய கடனை நான் திருப்பிக் கொடுத்தேனே, நீ கேட்டா கொடுத்தேன்? உன் அண்ணன் கேட்பார், தயங்காமல் கேட்பார். அது அவருக்கான தொழில். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று யாராவது கேலி பண்ணினால் பண்ணிவிட்டுப் போகட்டும், அதற்காக அண்ணனோடு சேர்ந்துவிடாதே.

நம்மோடு படித்த சதுரங்கப் பைத்தியத்தை ஞாபகம் இருக்கிறதா? பயிற்சி வகுப்பு தொடங்கினான். அவனுக்கு ஆட்டம் பிடிக்கும், தோற்று அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதும், "எப்போ சார் சாம்பியன் ஆவான்?" என்று வாசலில் நிற்கிற அப்பாக்களும் பிடிக்கவில்லை. மூடிவிடப் போகிறேன் என்றான். இப்போது குழந்தைகளோடு நன்றாகப் பழகுகிற ஒரு பெண்ணைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, வகுப்பை அவரிடம் விட்டுவிட்டான். பாடம் தயாரிப்பதும் புதிர் அமைப்பதும் மட்டும் இவன் வேலை. ஆளே தெளிந்துவிட்டான்.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு எஞ்சின் என்றால் உயிர், கணக்கு வழக்கில் பொறுமை கிடையாது. 1948-இல் ஹோண்டா மோட்டார் கம்பெனியைத் தொடங்கி, அடுத்த வருடமே தக்கேயோ ஃபுஜிசாவா என்பவரைச் சேர்த்துக்கொண்டார். விற்பனை, பணம், நிர்வாகம் எல்லாம் அவர் கையில். ஜப்பானில் கையெழுத்துக்குப் பதிலாகப் பயன்படுகிற முத்திரையைக்கூட ஹோண்டா அவரிடமே கொடுத்துவைத்திருந்தாராம். 1973-இல் இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். தன் குணத்தை மாற்றிக்கொள்ள ஹோண்டா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினைப் பார்த்திருக்க நேரம் ஏது? கூட்டாளி அமைவது சாமானியமில்லை என்பதும் எனக்குத் தெரியும். கிடைத்தால் விடாதே என்கிறேன், அவ்வளவுதான்.

கேமராவை விடு என்று நான் சொல்லவே இல்லை. போட்டோ தொழில் என்றால் கல்யாணம் மட்டும்தானா? போன வருடம் என் பழைய கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்து ஒரு மத்தியானம் முழுக்க விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாயே! கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலிக்கிறது என்று வெள்ளைத்துணி கட்டினாய். முன்முள்ளும் பின் எண்ணும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்று குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தாய். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தாய். அதற்கு ஒரு தொழில் இருக்கிறது: விற்கிற பொருள்களைக் கேட்டலாக்குக்கும் ஆன்லைன் கடைகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது. கடிகாரம் கண் மூடாது, அதற்கு அத்தையும் கிடையாது. கஸ்டமர் கம்பெனிகள்தான், ஒரு தடவை பிடித்துப்போனால் திரும்பத் திரும்ப வருவார்கள். பணம் வர முப்பது நாள், அறுபது நாள் ஆகும், அதற்குக் கைமுதல் வேண்டும். ஒரே மாதிரி நூறு பொருளை ஒரே வெளிச்சத்தில் எடுப்பது சிலருக்கு நரகம். உனக்கு அது எப்படி என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ராஜினாமாக் கடிதத்தைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வை. நீ ஆசைப்படுகிற அந்த நீளமான லென்ஸையும் இப்போது வாங்காதே, ஆசை வந்தால் வாடகைக்கு எடு. அடுத்த மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு கேட்டலாக் ஆர்டர் வருகிறது. ஏறக்குறைய எண்பது பொருள்களுக்குப் படம் வேண்டும். இரண்டு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். அந்த கம்பெனி மேனேஜரின் நம்பரைத் தருகிறேன். ஆனால் ரேட்டை நீதான் பேச வேண்டும், முன்பணத்தையும் நீதான் கேட்க வேண்டும். நான் நடுவில் வரமாட்டேன். என்ன சொல்கிறாய்? பத்தாம் தேதிக்குள் எழுது, அதற்குமேல் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்