டிஏசி வாங்குமுன் வீட்டில் கேட்டுப் பார்

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய டிஏசி பட்டியலைப் பார்த்தேன். டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கர் பக்கம் போகும் மின்னலையாக மாற்றும் பெட்டிதானே டிஏசி. கார்ட் எலெக்ட்ரானிக்ஸின் டேவ், ஹோலோ ஆடியோவின் மே, டிசிஎஸ் பெட்டி ஒன்று, கடைசியாக ஆர்எம்இ ஏடிஐ-2. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் வேலைக்காலம் முழுக்க வானொலியின் ஒலிப்பதிவு அறையில் இருந்தவள் நான். காரணத்தைச் சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நான்குமே நன்றாகச் செய்யப்பட்ட கருவிகள். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் ஒரே வேலையை ஒவ்வொன்றும் ஒரு வழியில் செய்கிறது. மே ஏணி முறையைச் சேர்ந்தது. மின்தடைகளை ஏணிப் படிகள் போல அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது எண்ணில் உள்ள ஒவ்வொரு 0 அல்லது 1-க்கும், ஒரு படி ஒதுக்குகிறார்கள். கேட்கச் சுலபம், செய்வது கடினம். 16 பிட் என்றால் மொத்தம் 65,536 நிலைகள். மேல் படியின் மின்தடை கொஞ்சம் பிசகினாலும் கீழ்ப் படிகள் சொல்வதெல்லாம் வீணாகிவிடும். 1982-ல் சிடி வந்தபோது பிலிப்ஸ் 14 பிட் சிப்பையே வைத்து, நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, 16 பிட்டின் தரத்தை எட்டியது. இன்றைக்கும் எனக்கு வியப்பூட்டும் வேலை அது.

டிசிஎஸ் இன்னொரு வழியில் போனது. ஒரே மதிப்புள்ள பல மின் மூலங்களை வைத்து, எதை எப்போது இயக்குவது என்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பாகங்களின் சிறு பிசகுகள் இசையோடு ஒட்டிக்கொள்ளாமல் மெல்லிய இரைச்சலாகப் பரவிவிடும். டேவில் கடையில் வாங்கிய டிஏசி சிப் கிடையாது. அதை வடிவமைத்த ராப் வாட்ஸ் எழுதிய நிரல், எஃப்பிஜிஏ என்ற, நாமே நிரல் எழுதி வடிவம் கொடுக்கும் பொதுச் சிப்பில் ஓடுகிறது. ஆர்எம்இயில் இருப்பது கடையில் கிடைக்கும் டிஏசி சிப்தான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஏகேஎம் என்ற சிப் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தபோது பல நிறுவனங்கள் சிப்பை மாற்ற வேண்டி வந்தது. ஏடிஐ-2 பெயர் மாறாமலே ஈஎஸ்எஸ் என்ற வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாறியது. அதனால் சிப்பின் பெயரைப் பார்த்து டிஏசி வாங்காதே. சிப்பைச் சுற்றியுள்ள மின்சுற்றும், அதைச் செய்தவரின் கவனமும்தான் முக்கியம்.

அடுத்து, 120 டெசிபல், 130 டெசிபல் என்று போட்டிருக்கும் எண்கள். இசைக்கும் கருவியின் இரைச்சலுக்கும் இடையே உள்ள தூரம் அது. உன் ஹால் இரவில் அடங்கிக் கிடக்கும்போதும் 30 டெசிபல் சத்தம் இருக்கும். அதற்கு மேலே 120 வேண்டுமென்றால் 150 டெசிபலில் பாட வேண்டும், காது போய்விடும். நீ அதிகம் கேட்பதோ தாத்தா டேப்பில் சேர்த்து வைத்திருந்த கச்சேரிகளின் டிஜிட்டல் பிரதி. அந்த டேப்புகளில் இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே 70 டெசிபல் இருந்தாலே பெரிய விஷயம். சிடியின் 16 பிட் 96 தருகிறது. இந்த நான்கில் எதுவும் இரைச்சலால் உன்னை ஏமாற்றாது.

அப்படியென்றால் கடையில் மாற்றிப் போட்டதும் இவ்வளவு வித்தியாசம் கேட்டதே என்று எழுதியிருந்தாய். அங்கே எது எந்த வயரில் இணைந்திருந்தது என்று கேட்டாயா? ஆர்சிஏ என்ற சாதாரண வயர் வழியாக வழக்கமாக 2 வோல்ட் வரும், எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை வயர் வழியாக 4 வோல்ட். அதுவே 6 டெசிபல். அவ்வளவுகூட வேண்டாம். ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசத்தைக் காது "சத்தம் கூடியிருக்கிறது" என்று உணராது; "தெளிவாக இருக்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது" என்றுதான் உணரும். ஒலிப்பதிவு அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ஆகவே, திருப்பித் தரலாம் என்று ஒப்புக்கொள்ளும் கடையில் இரண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வா. 100 ஹெர்ட்ஸ் சீரான ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அள. 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்காகச் செய்தவை, மேலே போகப் போக அவற்றின் கணக்கு தவறும். இரண்டு டிஏசியும் ஒரே எண்ணைக் காட்டும் வரை வால்யூமைச் சரிசெய். 2 வோல்ட்டுக்கு 0.02 வோல்ட் வித்தியாசம் வரை பரவாயில்லை. பிறகு மாப்பிள்ளை வயரை மாற்றட்டும், நீ பார்க்காமல் கேள். தம்புரா அடங்கும் இடம், மிருதங்கத்தின் தொப்பி, வயலின் வில் திரும்பும் இடம், இவற்றைக் கவனி. அவசரம் வேண்டாம், ஒரு வாரம் எடுத்துக்கொள்.

மேயில் என்ஓஎஸ் என்று ஒரு நிலை உண்டு; பதிவில் உள்ள எண்களுக்கு நடுவே புதிய எண்களைக் கணக்கிட்டுச் சேர்க்காமல் அப்படியே ஒலிக்கவிடுவது. அதில் வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது: சிடி வேகத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும். பழைய பதிவுகளில் அது இதமாக இருக்கலாம். அந்த இதம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கு. எதனால் வருகிறது என்று தெரிந்து வாங்கினால் போதும்.

இப்போது என் தீர்ப்பு. உன் ஹாலில் டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, திரைச்சீலைகூட இல்லை. போன பொங்கலுக்கு வந்தபோது கைதட்டிப் பார்த்தேன், ஓசை சுற்றிக்கொண்டே இருந்தது. மூலையில் ஸ்பீக்கர் இருப்பதால் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி வீங்கித் தெரிகிறது. அந்த வீக்கம் பல டெசிபல் இருக்கும். எந்த டிஏசியும் தானாக அதைச் சரிசெய்யாது. ஏடிஐ-2-ல் ஐந்து பட்டை ஈக்யூ, அதாவது ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி, உள்ளேயே இருக்கிறது, அந்த ஒரு இடத்தை மட்டும் குறைக்கலாம். நான்கில் அதுதான் விலையும் குறைவு. நான் அதையே வாங்குவேன். மிச்சத்தில் கனமான கம்பளமும் திரையும் வாங்கி, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்து வைப்பேன்.

லேப்டாப்பை யூஎஸ்பியில் இணைத்ததும் "ஊம்" என்று வந்தால் பயப்படாதே, எர்த் வயர்கள் வளையமாகச் சேர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். லேப்டாப்பில் ஆப்டிகல் வழி இருந்தால் அந்த வயரைப் போடு; அதில் மின்சாரம் போகாது, ஒளிதான் போகும், ஊம் நின்றுவிடும். அப்புறம், எதை வாங்கினாலும் பழுதானால் புனேவிலேயே கொடுக்க முடியுமா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று கடையில் எழுத்தில் வாங்கிக்கொள்.

ஹாலின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. ஈக்யூவில் எந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா