ஸ்டெல்லாவுக்கு, பிள்ளை வருமுன்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்தது. தத்துப் பிள்ளைக்குச் சம்மதம் சொல்லியாச்சு, பத்து நாளுக்குள் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். பெரம்பூர் லூர்து மாதாவுக்கு உன் பேரில் ஒரு மெழுகுதிரி ஏற்றியாச்சு. இனி காரியத்துக்கு வருவோம்.

‘வளர்ப்புப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருக்கே, திரும்பக் கேட்பாங்களா?’ என்று உன் மாமியார் பயப்படுகிறார் அல்லவா? அவரிடம் இதைச் சொல். நீங்கள் கையெழுத்துப் போடுவது தத்துக்கு முந்தைய பராமரிப்பு உறுதிமொழி. பெற்றவள் தானே ஒப்படைத்த பிள்ளையென்றால் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட பிள்ளையென்றால் சொந்தபந்தம் இருக்கிறதா என்று தேடி முடித்த பிறகுதான் குழந்தைகள் நலக்குழு தத்துக்கு விடுவிக்கும். அந்தக் கட்டமெல்லாம் தாண்டித்தான் பிள்ளை உன்னிடம் வருகிறது. பச்சைப்பிள்ளை என்று சொன்னாலும் வரும்போது இரண்டு மாதம் கடந்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

தத்து ஆணை இப்போது கோர்ட்டில் இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு கலெக்டரே போடுகிறார். பிள்ளை இருக்கும் இல்லம் சென்னையிலேயே இருப்பதால் ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் வேலை முடியும். மனு போன நாளிலிருந்து இரண்டு மாதம் என்பது விதி. நம் பாட்டி காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம்தான் வழி. எடுத்து வளர்த்தவர்கள் காப்பாளர்கள், பெற்றோர் இல்லை. இன்றைக்கு ஆணை வந்த தேதியிலிருந்து அது எல்லா உரிமையோடும் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குச் சமம். உன் மாமியாருக்கு இது ஒன்று போதும்.

பிள்ளையை வாங்கப் போகும் அன்று சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோகும், எழுதிக்கொண்டு போ. என்ன பால் பவுடர், எந்தெந்த நேரம், பாட்டிலா பாலாடைக் கிண்ணமா, பிறந்த எடை, குறைமாதமா, தைராய்டு, காது, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி சோதனைகள், தடுப்பூசி அட்டை. இடது தோளைத் திருப்பிப் பார்: பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடத்தில் சின்னக் கொப்புளமோ, பொருக்கோ இருக்கலாம். சீழ்க்கட்டு என்று மஞ்சள் பூசிவிடாதே, அது தானே ஆறும். விரல் இடுக்கில் சிரங்கு இருக்கிறதா என்றும் பார். பிள்ளை படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வா, அந்த வாசனை பக்கத்தில் இருந்தால் முதல் ராத்திரி கொஞ்சம் அடங்கும்.

பால் விஷயத்தைச் சற்று நீட்டியே எழுதுகிறேன், எடை குறைவதும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கும். இல்லத்தில் கொடுத்த அதே பவுடரை ஓரிரு வாரமாவது தொடர். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 150 மில்லி என்று கணக்கு வை. நாலு கிலோ பிள்ளைக்கு 600 மில்லி, எட்டு வேளையானால் வேளைக்கு 75. இங்கே கிடைக்கும் டப்பாக்களில் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டின ஒரு ஸ்பூன் அளவு. 75-க்கு இரண்டரை ஸ்பூன் என்று கண்ணளவில் போடுவதில்தான் தப்பு நடக்கும். மூன்று ஸ்பூனுக்கு 90 மில்லியாகக் கலந்து, மிஞ்சினதைக் கொட்டிவிடு. தண்ணீர் முதலில், தூள் பிறகு. புஷ்டியாகட்டும் என்று அப்பாயி ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டால் மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும். டப்பா விலைக்குப் பயந்து நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது, உப்பு குறைந்து வலிப்பே வரலாம்.

கேன் தண்ணீரோ மெட்ரோ லாரித் தண்ணீரோ, கொதிக்கவிட்டு அரை மணிக்குள் கலந்துவிடு. தூளிலேயே கிருமி இருக்கலாம், 70 டிகிரிச் சூட்டில்தான் அது சாகும். ஆற வைத்துக் கலந்தால் அந்தப் பலன் இல்லை. பிறகு கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார். நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். வாரத்துக்கு 150-லிருந்து 200 கிராம் ஏற வேண்டும். கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்தில் ஒரே தராசில் நிறுத்துப் பார். தடுப்பூசியும் அங்கேயே போடலாம், 6, 10, 14 வாரங்களில் எது விட்டிருக்கிறது என்று அட்டையைப் பார்த்துச் சொல்வார்கள்.

அழாத பிள்ளையென்றால் சமத்து என்று தெருவே மெச்சும். எனக்கு அது கவலைதான். ஆயாக்கள் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், கூப்பிட்டும் ஆள் வராமல் குரல் அடங்கிப்போயிருக்கலாம். முனகினாலும் உடனே எடு, கெட்டுப்போகாது. முதல் சில வாரம் பால், குளியல், தூக்கம் மூன்றும் உங்கள் இரண்டு பேர் கையில் மட்டும் நடக்கட்டும். மற்றவர்கள் துணி துவைக்கட்டும், சமைக்கட்டும். அன்பியத்து (பங்குக்கோயிலின் அக்கம்பக்கச் செபக்குழு) ஆட்கள் செபம் சொல்ல வருவார்கள், ஹாலோடு சொல்லிவிட்டுப் போகட்டும். முத்தம் வேண்டாம், சளி பிடித்தவர்கள் வரவே வேண்டாம்.

குளிப்பாட்ட வரும் ஆயாவிடம் முதல் நாளே கறாராகப் பேசிவிடு. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறும். சாம்பிராணிப் புகை, கண் மை, உரைமருந்து, தேன், கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீரும் வேண்டாம். கொசுவர்த்தியை விட்டுக் கொசுவலை போடு. தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வை, கடுகுத் தலையணை வேண்டாம்.

100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதே. ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்விடு.

பங்குக்கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட யாரையும் விடாதே. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டு லட்சம் அபராதம் வரை போகும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுகிறார்களாமே. ஆணை வரட்டும் என்பேன். நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையைத் திருச்சபைச் சட்டமும் உங்கள் பிள்ளையாகவே எண்ணுகிறது, பதிவேட்டில் தத்தெடுத்தவர்கள் பெயர் ஏறும். முன்கூட்டியே கொடுத்தால் பெற்றோர் பெயர், பிள்ளை பெயர் எல்லாம் பிறப்புச் சான்றிதழோடு முரண்பட்டு, பின்னால் பள்ளிக்கூடத்தில் அலைய வேண்டிவரும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காதே; அப்போது யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். அதுவரை ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டில் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

எம்.சி. ரோட்டில் ஜப்லா வாங்கும்போது பூஜ்ஜியம் சைஸ் வாங்காதே, இரண்டு மாதப் பிள்ளைக்கு அது ஏறாது. பருத்தி நாப்கின் ரெண்டு டஜன் எடு, மழை நாளில் துணி காயாது. மருத்துவ அறிக்கையை நகல் எடுத்து அனுப்பு, நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரெஜினா