சைக்கிள் முன்விளக்கு: வலுவைக் குறைக்க வேண்டாம், கதிரைத் தாழ்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலை நிலாவெளி வீதியில் இருட்டிய பின் சைக்கிளோட்டப் பயிற்சி பெறும் இளைஞர்களின் விளக்குகள் எதிரே வருவோரின் கண்களைக் கூசச் செய்கின்றன என்றும், வலுக்கூடிய அவ்விளக்குகளைப் பொலிசார் தடைசெய்ய வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய முறைப்பாட்டில் நியாயம் உண்டு. மாலையில் அந்த வீதியால் நடந்து போகும் எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அவர் கேட்கும் தடை நடைமுறைக்கு வந்தால் கண்கூச்சம் குறையாமலே விபத்துகள் கூடும் என்பது என் கருத்து. ஒளியின் வலுவை விட, அது எங்கே விழுகிறது என்பதே இங்கு பிரச்சினை. பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இன்னும் இரவில் சைக்கிளோடுபவன் என்ற முறையிலும் இதைச் சற்று விரிவாக எழுத இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பின் நமது பிரதேசத்தில் நீண்ட தூரம் சைக்கிளோட முடியாது. நூறு, இருநூறு கிலோமீற்றர் ஓடிப் பழக விரும்பும் ஒருவர் ஒன்றில் பொழுது பட்ட பின் புறப்பட வேண்டும், அல்லது விடியுமுன் புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் வீதியில் என்ன இருக்கிறது என்பதை நகரத்துக்குள் வாழ்பவர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். சாம்பல்தீவைத் தாண்டினால் தெருவிளக்குகள் ஐதாகிவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த தார் இரவில் சூடாக இருப்பதால் கட்டாக்காலி மாடுகள் அதன் மேலேயே படுத்துவிடுகின்றன. விளக்கொளி பட்டால் மாட்டின் கண் மின்னும் என்பது உண்மைதான். ஆனால் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் கரிய எருமையிடம் அந்த அடையாளமும் கிடைக்காது. நகரத்துக்குள் வந்தாலோ, கோட்டைப் பக்கமிருந்து வெளியே உலாவ வரும் புள்ளிமான்கள் எந்த நேரம் வீதியைக் கடக்கும் என்று சொல்ல முடியாது. கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை வரையான வீதியில் யானை நிற்கும். அங்கே இரவில் சைக்கிளோடவே வேண்டாம் என்பது என் ஆலோசனை, எவ்வளவு நல்ல விளக்கிருந்தாலும்.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு செக்கனில் 8 மீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடக்கிறது. தடையைக் கண்டு, அது தடைதான் என்று உணர்ந்து, பிரேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் எடுக்கும் என்று கொண்டால், அதற்குள்ளேயே பன்னிரண்டு மீற்றருக்கு மேல் போய்விடும். பிரேக் பிடித்த பின் உலர்ந்த வீதியில் இன்னும் 9 மீற்றரளவு தேவை. ஆக, 21 மீற்றருக்கு முன்னால் கிடப்பது தெரியாவிட்டால் அதில் மோதுவது நிச்சயம். வேகம் 20 கிலோமீற்றரானால் ஏறத்தாழ 12 மீற்றர் போதும். ஈரமான வீதியில் இந்தக் கணக்குகள் எல்லாம் நீளும். கைத்தொலைபேசியின் விளக்கை ஹாண்டிலில் கட்டிக்கொண்டு முப்பதில் ஓடுபவர் உண்மையில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறார். ஆகவே, வலுவான விளக்கு இளைஞர்களின் பகட்டுக்குரிய பொருள் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும்.

இனிக் கண்கூச்சத்துக்கு வருகிறேன். கடைகளில் விளக்குப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது லூமன் கணக்கு. அது விளக்கிலிருந்து வெளியேறும் ஒளியின் மொத்த அளவு மட்டுமே. அந்த ஒளி வீதியில் விழுகிறதா, தென்னை ஓலையில் விழுகிறதா, எதிரே வருபவரின் முகத்தில் விழுகிறதா என்று அது சொல்லாது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் எவ்வளவு ஒளி வந்து விழுகிறது என்பதைக் காட்டுவது லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதால், தூரத்தைக் காண விரும்புபவர் லூமனைக் கூட்டிக்கொண்டே போவதை விட, வீணாகும் ஒளியை வீதிக்குத் திருப்புவதே அறிவுடைமை. இன்று நிலாவெளி வீதியில் காணப்படும் விளக்குகளிற் பெரும்பாலானவை கைவிளக்கைப் போல வட்டமான கதிரை வீசுபவை. அவற்றைக் கிடையாகப் பொருத்தினால் ஒளியின் பாதி அடிவானத்துக்கு மேலே போகிறது. அந்தப் பாதியால் ஓடுபவருக்குப் பயன் எதுவுமில்லை. எதிரே வருபவருக்குத் துன்பம் மட்டும் உண்டு.

இத்தகைய வட்டக் கதிர் விளக்குகள் வீணுக்காக உருவானவையல்ல. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் 1992 இல் தொடங்கிய 24 மணிநேர மலைச் சைக்கிள் போட்டியும் அதன் வழிவந்த பிற போட்டிகளும் காட்டுப் பாதைகளில் நடப்பவை. அங்கே தலைக்கு மேல் வரும் கிளையும் தெரிய வேண்டும், திருப்பத்தின் உட்பக்கமும் தெரிய வேண்டும். எதிரே வருவதற்கு யாரும் இல்லை. அதனால் ஹாண்டிலில் ஒன்றும் தலைக்கவசத்தில் ஒன்றுமாக இரண்டு விளக்குகளைப் பூட்டுகிறார்கள். தாழ்வாக இருக்கும் ஹாண்டில் விளக்கு கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழச் செய்து அவற்றின் ஆழத்தைக் காட்டும். கண்ணுக்கு அருகிலிருக்கும் தலை விளக்கு நிழலை மறைத்துவிட்டாலும், பார்க்கும் திசையெல்லாம் கூடவே திரும்பும். காட்டுக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. அதே தலை விளக்கோடு நமது வீதியில் வருபவர், எதிரே வருபவரை ஏறிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முழு ஒளியையும் அவர் கண்ணிலேயே பாய்ச்சுகிறார். மழையிலோ, கண்ணருகே பறக்கும் துளிகளில் பட்டு அந்த ஒளி அவருக்கே திரும்பி வருகிறது. வாடைக் காலத்தில் தலை விளக்கை அணைத்துவிட்டு ஓடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வீதியில் மிக நீண்ட தூரம் ஓடுபவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று மீண்டும் பாரிஸுக்குத் திரும்பும் 1200 கிலோமீற்றர் சவாரி 1891 இல் போட்டியாகத் தொடங்கியது. இப்போது முந்துவதற்கான போட்டியாக அல்லாமல், அதிகபட்சம் 90 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டிய சவாரியாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. பல இரவுகள் தொடர்ந்து ஓட வேண்டிய அதில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளி தெறிக்கும் மேலங்கியும் கட்டாயம். பங்குபற்றுபவர்களில் பலர் நம்புவது ஆயிரக்கணக்கான லூமன் பேசும் விளக்குகளை அல்ல. முன்சில்லின் அச்சிலேயே பொருந்தும் டைனமோவைத்தான். அது தருவது 6 வோல்ற்றில் வெறும் 3 வாற்று. ஆனால் அதனோடு பூட்டப்படும் நல்ல விளக்கு, தன் கதிரின் மேல் விளிம்பைக் கத்தியால் வெட்டியது போல நேர்கோட்டில் நிறுத்தி, முழு ஒளியையும் வீதியின் மேல் நீளமாக விரிக்கிறது. பத்து மீற்றர் தூரத்தில் 80 லக்ஸும் அதற்கு மேலும் தரும் விளக்குகள் இந்த 3 வாற்றிலேயே இயங்குகின்றன. இரவிரவாக ஓடுபவர்களே இவ்வளவு சிறிய வலுவோடு திருப்தியடையும்போது, நிலாவெளிக்குப் போய் வர நாம் ஏன் மற்றவர் கண்ணைப் பறிக்க வேண்டும்?

இவ்வகை விளக்கு வளர்ந்ததற்கு ஜேர்மனியின் வீதிப் போக்குவரத்து விதிகள் முக்கிய காரணம். சைக்கிள் விளக்கு மற்றவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்றும், மினுக்கி மினுக்கி எரியக் கூடாது என்றும் அங்கே விதி உண்டு. அங்கீகாரம் பெறாத விளக்கைச் சைக்கிளில் பூட்டவும் முடியாது. விதியை உற்பத்தியாளர்கள் சுமையாக எடுக்காமல், கண்ணாடி வில்லையையும் தெறிப்பியையும் செம்மைப்படுத்தும் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தமைக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியை பொசுபர் எனப்படும் மஞ்சள் நிற ஒளிர்பூச்சால் வெள்ளையாக மாற்றியே இன்றைய விளக்குகள் எல்லாம் எரிகின்றன. பழைய ஹலஜன் குமிழை விடப் பல மடங்கு ஒளி அதே மின்சாரத்துக்குக் கிடைக்கிறது என்பதால் ஒளிக்கு இனிப் பஞ்சமில்லை. அதை அடக்கி ஆளும் வில்லைக்குத்தான் பஞ்சம்.

கண்கூச்சத்தால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருட்டில் பார்ப்பதற்கு உதவும் கோல் கலங்கள் முழுமையாகப் பழகி வர இருபது, முப்பது நிமிடங்கள் எடுக்கின்றன. ஒரு கணம் பாயும் வெள்ளொளி அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். வயது போகப் போகக் கண்வில்லையில் ஒளி சிதறுவது அதிகரிப்பதால், கண்ணில் வெண்புரை தொடங்கிய முதியவருக்கு எதிரே வருவது சைக்கிளா லொறியா என்றுகூடத் தெரியாது. நீலச்சாயல் கூடிய வெள்ளை ஒளி இந்தக் கூச்சத்தை இன்னும் கடுமையாக்குகிறது. கதிர்காமப் பாதயாத்திரை காலத்தில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வரும் அடியார்கள் நமது ஊரைக் கடந்து மூதூர், வெருகல் என்று நடக்கும்போது, வெயிலுக்கு முன் தூரத்தைக் கடக்க இருட்டோடு இருட்டாகப் புறப்படுகிறார்கள். அவர்களில் முதியவர்கள் பலர். வீதியோரத்தில் வரிசையாக நடக்கும் அவர்களுக்கு எதிரே வட்டக் கதிரோடு ஐந்தாறு சைக்கிள்கள் வந்தால், கால் வைக்கும் இடம் தெரியாமல் அவர்கள் நின்றுவிட நேரிடும்.

விளக்கு வாங்குபவர்களுக்கும் சில வார்த்தைகள். ஒற்றைக் கலப் பற்றரியில் 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். இவ்விளக்குகளிற் சாதாரணமாகப் பயன்படும் 18650 எனப்படும் லிதியம் அயன் கலம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அந்த அளவிலான நல்ல கலத்தில் கொள்வது 3500 அளவுதான். அத்தகைய நான்கு கலங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 50 வாற்று மணி. ஆயிரம் லூமனுக்குப் பத்து வாற்றளவு தேவை என்பதால், முழு வலுவில் எரித்தால் ஐந்து மணித்தியாலத்துக்குள் இருள்தான். நமது இரவோ பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் நீள்வது. முந்நூறு லூமனில் எரித்தால் அதே பற்றரி விடியும் வரை தாங்கும். மேலும், காற்றோட்டம் இல்லாமல் நின்றால் இவ்விளக்குகள் சூடேறித் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நமது புழுக்கத்தில் இது விரைவில் நிகழும். எனவே பெட்டியில் உள்ள பெரிய இலக்கத்துக்குக் கொடுக்கும் பணத்தை, கதிரின் மேல் விளிம்பு வெட்டப்பட்ட விளக்கொன்றுக்குக் கொடுப்பதே இலாபம். இறக்குமதி செய்யும் வர்த்தகர்கள் அத்தகைய விளக்குகளைத் தருவித்தால் வாங்க ஆளில்லாமல் போகாது.

ஏற்கெனவே வட்டக் கதிர் விளக்கு வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. சைக்கிளைச் சுவரிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிறுத்தி விளக்கை எரிய விடுங்கள். விளக்கு நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால், சுவரில் விழும் ஒளியின் நடுப்பகுதி அரை மீற்றர் உயரத்தில் இருக்குமாறு அதைச் சாய்த்துப் பூட்டுங்கள். அப்போது கதிரின் மையம் வீதியில் பத்து மீற்றருக்கு முன்னால் விழும். இதில் ஒரு குறையுண்டு: முன்னர் காட்டிய கணக்கின்படி, இவ்வாறு சாய்த்த வட்டக் கதிரை வைத்துக்கொண்டு மணிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடுவது பாதுகாப்பானதல்ல. வேகமாக ஓட விரும்புபவருக்கு வெட்டிய கதிரைத் தவிர வேறு வழியில்லை. சிலர் விளக்கின் மேற்பாதியில் கறுப்பு நாடா ஒட்டுகிறார்கள்; தெறிப்பியின் ஒவ்வொரு பகுதியும் முழு வட்டத்துக்கும் ஒளி தருவதால், அதனால் ஒளி குறையுமே தவிரக் கதிரின் வடிவம் மாறாது.

பொலிசாரிடமும் நீண்ட தூர ஓட்டங்களை ஒழுங்குசெய்யும் விளையாட்டுக் கழகங்களிடமும் நான் கேட்பது இதுதான். பொது வீதியில் நடக்கும் இரவுச் சவாரிகளிலும் பயிற்சிகளிலும் முன்விளக்கு தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும், மினுக்கக் கூடாது, தலை விளக்கு அணைக்கப்பட்டிருக்க வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கு விடாமல் எரிய வேண்டும் என்று பங்குபற்றுபவர்களுக்கு நிபந்தனை விதித்து, புறப்படும் இடத்திலேயே ஒவ்வொரு சைக்கிளையும் சோதித்து அனுப்ப வேண்டும். மினுக்கும் விளக்கு கவனத்தை இழுக்கும் என்று வாதிடுவோர் உண்டு. பகலில் அது சரியாக இருக்கலாம், ஆனால் இருட்டில் அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிப்பது கடினம். இதற்குப் புதிய சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பொலிசார் வீதியில் நின்று சைக்கிள்களை மறிப்பதாயின், கண்ணைப் பறிக்கும் விளக்கோடு வருபவரிடம் அதைச் சாய்க்கச் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் விளக்கே இல்லாமல் வரும் நால்வரையும் மறிக்க வேண்டும். முன்னொரு காலத்தில் டைனமோ எரியாத சைக்கிளுக்குத் தண்டம் அறவிட்டார்கள். இப்போது அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்களும் மீன் விற்கப் போகிறவர்களும் பின்னால் ஒரு சிவப்புத் தெறிப்பான்கூட இல்லாமல் போகிறார்கள். வேகமாக வரும் வாகனச் சாரதிகளுக்கு அவர்கள் தெரிவதேயில்லை. அவர்களிடம் தண்டம் அறவிடுவதை விட, கடற்றொழிலாளர் சங்கங்களின் ஊடாகத் தெறிப்பானும் சிறிய பின்விளக்கும் வழங்க உள்ளூராட்சி சபைகள் முன்வந்தால் செலவு பெரிதாக இராது.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.