அலமாரியில் இருந்த மருந்து

சத்துவாச்சாரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாந்தி,

நலம். அங்கேயும் எல்லாரும் நலமாக இருப்பீர்கள். கமலாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறாள், பிசியோதெரபி பையனை அதட்டுகிறாள், அந்த வார்டு சிஸ்டர் தோரணை கொஞ்சமும் குறையவில்லை. உன் மகளுக்கு இரண்டாவதும் பெண் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா?

போனில் ஆரம்பித்தால் "கிளாஸ் இருக்குடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார். முழுதாகப் படி. உன்னிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன்.

நம்ம வசந்தா பேரன் கவினுக்கு நடந்தது உன் காதுக்கு வந்ததா? காட்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு. இலையில் மக்கன் பேடா வைத்தார்கள், ஆற்காட்டில் சொல்லிவைத்துக் கொண்டுவந்த அசல் சரக்கு. முந்திரி, பாதாம், பிஸ்தா எல்லாம் உள்ளேதானே இருக்கும், வெளியே பார்த்தால் ஜாமூன் என்றுதான் நினைப்போம். கவினுக்கு நாலு வயசு. முந்திரி தின்று ஒருமுறை உதடு வீங்கியது அவன் அம்மாவுக்குத் தெரியும். ஊட்டியது பெரிய பாட்டி.

பந்தி முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. உதடு தடித்து, கழுத்திலிருந்து வயிறு வரை திட்டுத்திட்டாகத் தடிப்பு, அடுத்தடுத்து வாந்தி. பாட்டி "காணாக்கடி, கம்பளியால தேய்ங்க" என்கிறார். பெரியப்பா "நட்டு நிக்க வைங்க, காத்து படட்டும்" என்று தூக்கப் பார்க்கிறார். எனக்கு அவன் குரல்தான் பயத்தைக் கொடுத்தது. அழுகிறான், சத்தம் கம்மிப்போய் வருகிறது. மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம்.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். மரியாதையான பையன்கூட. உடனே அரிப்புக்குப் போடுகிற அவில், ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டு, மூச்சுக்கு நெபுலைசர். மூன்றும் வேகமாக நடந்தது. "அட்ரினலின் போட்டுடுங்க டாக்டர்" என்றேன். "பி.பி. நார்மலாதான் இருக்கும்மா, இன்னும் ஷாக் ஆகலையே" என்றார். தடிப்பும் மூச்சுத் தொந்தரவும் சேர்ந்தாலே அது அனஃபிலாக்சிஸ்தான், உயிரையே பறிக்கக்கூடிய கடும் அலர்ஜி, பி.பி. விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை, விழுந்தபிறகு மீட்பதுதான் கஷ்டம் என்று சொல்கிறேன். அவர் சீனியருக்குப் போன் போடுகிறார். மருந்து அலமாரியில் இருக்கிறது சாந்தி. கண்ணாடி வழியே எனக்குப் பெயர் தெரிகிறது. சீனியர் "உடனே போடு" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. அந்தப் பெண், ஸ்டாஃப் நர்ஸ், ஆம்பூலை, அந்தக் கண்ணாடி மருந்துக் குப்பியை, எடுத்துக்கொண்டு வந்து "ஐ.வி.யா மேடம்?" என்று என்னைக் கேட்கிறாள். கை நடுங்குகிறது.

தொடையில், வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள். பதினாலு கிலோ குழந்தை, 0.15 மி.லி. போட்டார்கள். சில நிமிஷத்தில் இருமல் தளர்ந்தது, முகத்தில் ரத்தம் வந்தது, "அம்மா" என்று தெளிவாகக் கூப்பிட்டான். திரும்ப வரக்கூடும் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

அந்த டாக்டர் மேலும் அந்தப் பெண் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேரும் பரீட்சையில் இதை எழுதித்தான் பாஸ் செய்திருப்பார்கள். "அனஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து எது?" என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அட்ரினலின் என்றால் அவர்கள் கண்ணில் நிற்பது இதயம் நின்றுபோன நோயாளி, ஐ.வி. லைன், மார்பை அழுத்துகிற கை. எல்லாம் முடிந்த நேரத்தில் எடுக்கிற மருந்து என்ற பயம். அதை உட்கார்ந்து அழுகிற குழந்தையின் தொடையில் போடலாம் என்று அவர்கள் கை ஒருநாளும் பழகவில்லை. அவில் தினம் போட்டுப் பழகிய மருந்து, கை தானாக அதற்குப் போகிறது. அவில் அரிப்பைத்தான் குறைக்கும். ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்காகும். வீங்குகிற தொண்டையையும் விழப்போகிற பி.பி.யையும் அந்த நேரத்தில் பிடித்து நிறுத்துவது அட்ரினலின் ஒன்றுதான்.

1901-ல் ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே தனியாகப் பிரித்தெடுத்த மருந்து அது. 1902-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரிஷேயும் போர்ட்டியேயும் அனஃபிலாக்சிஸுக்குப் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மருந்தும் விலை குறைவு, இருந்தும் ஒரு போன் காலுக்காகக் குழந்தை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பேட்சுக்கே கையில், தோலுக்கடியில் போடு என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்? 1998-ல் கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழந்தைகளிடம் அளந்து பார்த்திருக்கிறார். தொடைத் தசையில் போட்டால் ரத்தத்தில் மருந்து உச்சத்துக்குப் போகச் சராசரியாக 8 நிமிஷம், தோலுக்கடியில் என்றால் 34 நிமிஷம். பிரிட்டனில் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்த பம்ஃப்ரி 2000-ல் எழுதியது இன்னும் மோசம். மூச்சோ இதயமோ நிற்பதற்கு உணவால் என்றால் 30 நிமிஷம், பூச்சிக்கடியால் 15, மருந்தால் என்றால் 5. எல்லாம் இடைநிலைக் கணக்கு, அதாவது பாதிப்பேருக்கு அதற்குள்ளேயே நின்றுவிட்டது. ஜவ்வாது மலையில் ஒருத்தனைக் கதண்டு கொட்டினால் 15 நிமிஷத்தில் அவன் எந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வான், நீயே சொல். 108 வண்டி மலை ஏறவே அதைவிட நேரமாகும்.

இதில் எனக்கு ரொம்ப வலிப்பது எது தெரியுமா? தடுப்பூசி போட ஊருக்குப் போகிற கிராம சுகாதார செவிலியரிடம் (வி.எச்.என்.) அட்ரினலின் கிட் இருக்கிறது, வயசுக்கு எவ்வளவு என்ற அட்டையோடு. டாக்டருக்காகக் காத்திருக்காமல் முதல் டோஸைத் தசையில் போட்டுவிட்டு அனுப்பு என்றுதான் அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற வி.எச்.என்.னை நம்புகிறோம். ஏ.சி. அறையில் மானிட்டர் பக்கத்தில் நிற்கிற ஸ்டாஃப் நர்ஸை நம்பவில்லை. அவளுக்கும் அந்த அனுமதியை எழுத்தில் கொடுத்து வார்டு சுவரில் ஒட்ட வேண்டும். இதை யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

சரி, சண்டை மட்டும் போதாது என்று வேலையை ஆரம்பித்துவிட்டேன். நம்ம ஸ்டெல்லா, ரிட்டயர் ஆன இன்னும் சிலர் சேர்ந்து குடியாத்தம், ஒடுகத்தூர் பக்கம் போகிறோம். சின்ன கிளினிக் நர்ஸ்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், டீச்சர்கள், அலர்ஜி உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள். ஸ்லைடு கிடையாது. ஸ்பாஞ்சை ஜீன்ஸ் துணியில் சுற்றித் தொடை, சிரிஞ்சில் தண்ணீர். நர்ஸ்களுக்கு ஒரே ஒரு வேலை: ஆம்பூலை உடை, 0.15 இழு, குத்து, மணி பார்த்து எழுது. ஆளுக்கு ஐந்து நிமிஷம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், 1909-லேயே நர்ஸிங் பள்ளி தொடங்கிய ஊர். ரோட்டுக்குப் போய்ச் சொல்லித்தர நமக்கு என்ன தடை?

கையில் கொடுத்துப் பார்த்தால்தான் எங்கே சறுக்குகிறது என்று தெரிகிறது. 5 மி.லி. சிரிஞ்சை எடுக்கிறார்கள், அதில் 0.15 எப்படி அளப்பது? இன்சுலின் சிரிஞ்சை எடுக்கிறார்கள். அதன் கோடுகள் யூனிட் கணக்கு, 40 ஒன்று, 100 ஒன்று என்று இருவகை வேறு, ஊசியும் தசைவரை போகாது. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சும் ஒரு இஞ்ச் ஊசியும் ஆம்பூலோடு ஒரே டப்பாவில் ஒட்டி வைத்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். நோயாளியைப் படுக்க வைக்கவேண்டும், மூச்சு முட்டினால் கால் நீட்டிச் சாய்ந்து உட்காரவைக்கலாம், எழுந்து நிற்க விடவே கூடாது என்பதை நர்ஸ்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. திடீரென்று நிமிர்த்தியதும் உயிர் போனவர்கள் உண்டு. அந்தப் பெரியப்பாவை நினைத்துக்கொள்கிறேன். 5 நிமிஷத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது டோஸ் போடலாம் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி.

அம்மாக்கள் கதை வேறு. வெளிநாட்டில் பேனா மாதிரி இருக்கிற ஆட்டோ இன்ஜெக்டர் நம் மெடிக்கல் ஷாப்புகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை, வரவழைத்தால் விலை தாங்காது. அதனால் டாக்டரே எழுதிக்கொடுத்து, ஆம்பூலும் சிரிஞ்சும் வீட்டில் வைத்து, அம்மாவையும் பாட்டியையும் பழக்கினால்தான் வழி. கவின் வீட்டில் அதுதான் செய்தோம். பெரிய பாட்டி முதலில் "கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்று நின்றார். அப்படிப் பழக்குகிற வைத்தியம் இருக்கிறதுதான், ஆனால் அது டாக்டர் மேற்பார்வையில், அளந்து, அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது என்று வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. சிரிஞ்சைக் கையில் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டார். எழுத்து தெரியாது, அதனால் 0.15 கோட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிக் கொடுத்தோம். இப்போது அந்த வீட்டில் யார் தப்பு செய்தாலும் திருத்துவது அவர்தான். நீ முதல் ஊசி கிளாஸில் மயங்கி விழுந்தாயே, அவரைப் பார்த்தால் வெட்கப்படுவாய்.

இதற்கு நேர் எதிரான கொடுமையும் பார்த்தேன். ஒரு அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துவந்தாள், பக்கம் பக்கமாகப் பட்டியல். பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு, கடலை, கத்தரிக்காய் எல்லாமே பாசிட்டிவாம். பையனுக்குச் சோறும் ரசமும் மட்டும். மணிக்கட்டு குச்சியாக இருக்கிறது. பால் குடித்து அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆனதில்லை! ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால் உடம்பு அதை அடையாளம் கண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்டு என்ன ஆனது என்ற கதைதான் முதலில் வேண்டும். அந்தக் கதையைக் கேட்க டாக்டர்களைப் பழக்காமல் அலர்ஜிப் பயிற்சி முழுமையாகாது. லண்டனில் நடத்தி 2015-ல் வெளிவந்த லீப் ஆய்வில், அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளில், கைக்குழந்தைப் பருவத்திலேயே நிலக்கடலை கொடுக்கப்பட்டவர்களுக்கு ஐந்து வயதில் நிலக்கடலை அலர்ஜி எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. காரணமில்லாமல் விலக்கி வைப்பதும் கெடுதல்தான். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளைகிற ஊரில் ஒரு பிள்ளை காரணமே இல்லாமல் அதைத் தொடாமல் வளர்கிறது! அந்தப் பையனைப் பெரிய ஆஸ்பத்திரி அலர்ஜி டாக்டரிடம் அனுப்பியிருக்கிறோம். பால் திரும்ப ஆரம்பித்தாயிற்று.

இதுவரை வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மா கேட்டது. "முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தர்றோம். சைவம்னு சாப்பிடலையா, பிடிக்கலையா, சாப்பிட்டா மூச்சு முட்டுதான்னு எங்க நோட்டுல எழுத எடமே இல்லையே மேடம்?" அவராகவே ஒரு கோடு போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். பாக்கெட் பொருளில் நிலக்கடலை, முந்திரி பாதாம் மாதிரி கொட்டைகள், பால், முட்டை, மீன், கோதுமை, சோயா எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2020 விதிமுறை இருக்கிறது. பந்தியில் வைக்கிற இனிப்பில் யார் அச்சடிப்பார்கள்? பரிமாறுகிறவர்தான் வாயைத் திறந்து சொல்லவேண்டும். அதனால் அடுத்தது கேட்டரிங்காரர்களைக் கூட்டப் போகிறோம்.

இப்போது உன் வேலை. உன் காலேஜ் ஸ்கில் லேபில் ஒவ்வொரு மாணவியும் சர்டிபிகேட் வாங்குவதற்கு முன் இந்த ஐந்து நிமிஷப் பயிற்சியைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். வருஷா வருஷம் திரும்பச் செய்ய வேண்டும், கை மறந்துவிடும். "டாக்டர் ஆர்டர் இல்லாம எப்படி?" என்று உன் பிரின்சிபால் கேட்பார். வி.எச்.என். கிட் விஷயத்தைச் சொல்லு, நானும் வந்து பேசுகிறேன். இரண்டாம் வருஷப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் அணைக்கட்டு கூட்டத்துக்கு வா. வீட்டில் தங்கலாம், கமலாவையும் பார்த்துவிடலாம். சேலத்திலிருந்து வரும்போது டியூபர்குலின் சிரிஞ்ச் ஒரு பெட்டி வாங்கி வா. இங்கே கேட்டால் இன்சுலின் சிரிஞ்சைத்தான் நீட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் ரெஜினா