புறாவின் கேள்வி

அன்புள்ள கயலுக்கு,

இங்கே அனைவரும் நலம். பாப்பாவுக்கு ராத்திரி ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதை வாசிக்கிறாயாம், லாஜிக்கே இல்லாத கதை என்று போனில் அலுத்துக்கொண்டாய். எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார், அம்மா. லூயிஸ் கரோல் புனைபெயர்தான். சார்லஸ் டாட்ஜ்சன் என்பது நிஜப்பெயர். 1865இல் இந்தக் கதை வந்தது. 1896இல் தர்க்கத்துக்கென்றே தனிப் புத்தகமும் போட்டார். அப்பேர்ப்பட்டவர் லாஜிக்கை விட்டுவிடுவாரா? பெரியவர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, லாஜிக்கைக் குழந்தையிடம் கொடுத்திருக்கிறார்.

தோட்டத்துக்குப் போகும் சின்னக் கதவு பூட்டியிருக்கிறது, சாவியோ மேஜைமேல் எட்டாத உயரத்தில். ஆளின் அளவையே மாற்றக்கூடிய கேக்கைத் தின்னும் முன் ஆலிஸ் என்ன நினைக்கிறாள், பார். பெரிதாக வளர்ந்தால் சாவி எட்டும். சிறிதானால் கதவுக்கு அடியில் நுழையலாம். எப்படியும் தோட்டத்துக்குப் போய்விடலாம். இதில் என்ன குறை? பாட்டில் விஷயத்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது. ‘விஷம்’ என்று எழுதவில்லையே என்று குடித்துவிடுகிறாள். ஜூஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற நம் வீடுகளுக்கு இது சரிப்படாது என்பது உன் அம்மாவின் கட்சி.

நீதிமன்றத்தில் ராஜா 42ஆம் விதி என்று ஒன்றை வாசிக்கிறார்: ஒரு மைலுக்கு மேல் உயரமானவர்கள் வெளியேற வேண்டும். இப்போதுதானே உண்டாக்கினீர்கள் என்கிறாள் ஆலிஸ். இருப்பதிலேயே பழைய விதி இதுதான் என்கிறார் ராஜா. ‘அப்படியானால் 1ஆம் விதியாக அல்லவா இருக்க வேண்டும்?’ ராஜா முகம் வெளிறி நோட்டைச் சட்டென்று மூடிவிடுகிறார். எதிர்த்துப் பேசுகிறாள் என்று பாப்பாவைத் திட்டுகிறாயே, இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

எனக்குப் பிடித்தது புறா. கழுத்து மரங்களுக்கு மேலே நீண்டுபோன ஆலிஸைப் பாம்பு என்று அலறுகிறது. நான் சிறுமி என்கிறாள். முட்டை தின்றதே இல்லையா என்று மடக்குகிறது புறா. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. தின்றிருக்கிறேன், சிறுமிகளும் பாம்பைப் போலவே முட்டை தின்பார்கள் என்கிறாள். அப்படியென்றால் சிறுமிகளும் ஒரு வகைப் பாம்புதான் என்கிறது புறா. ஆலிஸுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் பேச்சே வரவில்லை. கூட்டில் முட்டை வைத்திருக்கிற தாய்க்கு, வந்தது சிறுமியா பாம்பா என்பதில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? அதையும் புறாவே கேட்டுவிடுகிறது.

அந்த இடம் வந்ததும் நிறுத்தி, புறா எங்கே சறுக்கியது என்று பாப்பாவிடம் கேள். நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா