செயலாளரின் ஆண்டறிக்கை: பொருளாதார ஊக்குவிப்பு நிதியும் நம் தோட்டப்புறப் பள்ளிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகை தந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நம் கல்வி நலச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பேரவையின் முன் வைக்கிறேன். செயலவைக் கூட்டங்கள் முறையாக நடைபெற்றன. கூட்டக் குறிப்புகள் வாசல் மேசையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. பொங்கல் ஒன்றுகூடல், பரிசளிப்பு விழா, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கான மாலை வகுப்பு ஆகியவை வழக்கம்போல நடந்தேறின. அவற்றை விரித்துரைக்க வேண்டிய தேவை இல்லை. சென்ற பொதுக்கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுப்பிய கேள்வியே இவ்வாண்டு செயலவையின் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது. மலேசியா நெருக்கடியில் சிக்கும் போதெல்லாம் அரசாங்கம் பில்லியன் கணக்கில் ஊக்குவிப்பு நிதியை அறிவிக்கிறதே, அதில் நம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது என்ன, இனி வரவேண்டுமானால் நாம் செய்ய வேண்டியது என்ன என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது என்பதால் மூவர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. அக்குழு கண்டறிந்தவற்றையும், அதன்பேரில் சங்கம் எடுத்த நடவடிக்கைகளையும் இவ்வறிக்கை முதன்மையாகக் கூறுகிறது.

வணிகம் படுத்து, வேலை வாய்ப்பு சுருங்கி, மக்கள் கையில் பணப்புழக்கம் குறையும்போது, அரசாங்கம் தானே முன்வந்து செலவு செய்து அந்தத் தேக்கத்தை உடைக்க முயல்வதுதான் ஊக்குவிப்பு நிதியின் அடிப்படை. ஆகவே, அந்தப் பணம் விரைவாகச் செலவாக வேண்டும் என்பதே அதை ஒதுக்குகிறவர்களின் முதல் அக்கறையாக இருக்கும். பள்ளிக் கட்டடப் பழுதுபார்ப்பு இதற்கு மிகவும் பொருந்திய பணி. நெடுஞ்சாலை அமைக்க நிலம் கையகப்படுத்தி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒழுகும் கூரையை மாற்றுவதற்கு ஒரு பள்ளி விடுமுறை போதும். துத்தநாகத் தகடும் சிமெண்டும் சாயமும் உள்ளூர் இரும்புக்கடையில் வாங்கப்படுகின்றன, சிறு குத்தகையாளர்களுக்கும் தச்சர்களுக்கும் வேலை கிடைக்கிறது, அவர்கள் பெறும் கூலி மறுபடியும் இதே ஊர்க் கடைகளில் செலவாகிறது. இத்தனைக்கும் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வகுப்பறை எஞ்சி நிற்கிறது. மற்றச் செலவுகள் பலவற்றுக்கு இந்த இரட்டைப் பலன் கிடையாது என்பதே துணைக்குழுவின் கருத்து. செயலவையும் அதனை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. உலக நிதி நெருக்கடியின்போது 2008 நவம்பர் 4ஆம் தேதி 7 பில்லியன் ரிங்கிட் ஊக்குவிப்புத் திட்டமும், 2009 மார்ச் 10ஆம் தேதி 60 பில்லியன் ரிங்கிட் பெறுமானமுள்ள இரண்டாவது திட்டமும் அறிவிக்கப்பட்டன. அவற்றில் பள்ளிகளின் சீரமைப்புக்கு ஒரு பங்கு இருந்தது. தமிழ்ப்பள்ளிகள் உள்ளிட்ட அரசு உதவி பெறும் பள்ளிகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஆனால், ஒதுக்கீட்டு அறிவிப்பு வெளிவருவதற்கும் பணி தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் குறுகியதாக இருந்ததால், ஆவணங்களைக் கையில் வைத்திருந்த பள்ளிகளே முதலில் பயனடைய முடிந்தது. அக்காலத்தில் நம் பள்ளி மேலாளர் வாரியத்தில் இருந்த பெரியவர்களிடம் துணைக்குழு பேசியது. கூரை மாற்றத்துக்காக அவர்கள் அனுப்பிய விண்ணப்பம், நில உரிமை பற்றிய கடிதம் இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவதற்குள் ஒதுக்கீட்டுக் காலம் முடிந்துவிட்டது.

இந்த நிலச் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இளைய பெற்றோர்கள் பலருக்கு இதன் பின்னணி தெரியவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தோட்டங்கள் பள்ளிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தோட்ட நிலத்தில், தோட்டத்தின் கட்டடங்களில் நடந்தன. பின்னர் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, மக்கள் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தனர். பள்ளி நிலம் மட்டும் பல இடங்களில் நிறுவனத்தின் பெயரிலேயே தங்கிவிட்டது. நிலம் அரசுக்குச் சொந்தமாக இல்லாத பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே கருதப்படுகிறது. ஆசிரியர்களின் ஊதியமும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டிய மானியமும் அரசிடமிருந்து வந்தாலும், கட்டட மேம்பாட்டுச் சுமையின் பெரும்பகுதி மேலாளர் வாரியத்தின் தோளில் விழுகிறது. நம் பள்ளியின் நிலையும் இதுதான். அதோடு, 150 மாணவருக்கும் குறைவான பள்ளி என்பதால் எண்ணிக்கையைச் சார்ந்த மானியமும் சிறியதாகவே இருக்கிறது. மாணவர் குறைந்தார்கள் என்பதற்காகக் கூரையின் பரப்பு குறைவதில்லை. வழக்கமான மானியத்தால் ஒருபோதும் ஈடுகட்ட முடியாத இப்படிப்பட்ட பெரும் பழுதுகளுக்காகத்தான் ஒருமுறை மட்டும் கிடைக்கும் ஊக்குவிப்பு நிதியை நாம் குறிவைக்க வேண்டும்.

ஆகவே, இவ்வாண்டு சங்கம் செய்த முக்கியப் பணி, பள்ளி மேலாளர் வாரியத்துடனும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடனும் இணைந்து ஒரு தயார்நிலைக் கோப்பை உருவாக்கியதாகும். பணி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், முன்னாள் வரைவாளர் என்பதால், கட்டடம் முழுவதையும் அளந்து புதிய வரைபடம் தீட்டிக் கொடுத்தார். பழைய வரைபடத்தில் பிற்காலத்தில் கட்டப்பட்ட பாலர் வகுப்பும் சிற்றுண்டிச் சாலையும் இடம்பெறவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு மின்கம்பிகளைச் சோதித்தோம். விளக்கும் மின்விசிறியும் மட்டுமே இருந்த காலத்தில் போடப்பட்ட இணைப்பில்தான் இன்று கணினி அறையும் ஒளிபரப்புக் கருவிகளும் இயங்குகின்றன. புதிய கருவிகளைக் கேட்பதற்கு முன் மின்னிணைப்பைப் புதுப்பிப்பதே பாதுகாப்பானது என்று அவர் எழுத்து மூலம் அறிவுறுத்தியதால், முன்னுரிமைப் பட்டியலில் அதை முதலிடத்தில் வைத்துள்ளோம். கரையான் அரித்த உத்தரங்கள், மாணவிகளின் கழிவறை, மழைநீர் வடிகால் ஆகியவை அதற்கடுத்து வருகின்றன. ஒவ்வொரு பணிக்கும் நிழற்படங்களும் விலைப்புள்ளிகளும் இணைக்கப்பட்டுள்ளன. தோட்ட நிர்வாகத்தின் நிலக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை.

வெளிநாடுகளின் அனுபவத்தையும் துணைக்குழு ஆராய்ந்தது. ஆஸ்திரேலிய அரசாங்கம் 2009ஆம் ஆண்டில் கல்விக் கட்டடங்களுக்காக மட்டும் ஏறத்தாழ 16 பில்லியன் ஆஸ்திரேலிய டாலரை ஒதுக்கியது. அதன் பெரும்பகுதி தொடக்கப்பள்ளிகளில் மண்டபங்களும் நூலகங்களும் கட்டச் செலவானது. நெருக்கடி நேரத்தில் கட்டுமானத் துறைக்கு அது கைகொடுத்தது என்றாலும், செலவிட்ட பணத்துக்கு ஏற்ற மதிப்பு எல்லா இடங்களிலும் கிடைத்ததா என்ற கேள்வி எழுந்து, பிராட் ஆர்கில் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மாநில அரசுத் துறைகள் ஒட்டுமொத்தமாக நடத்திய சில திட்டங்களில் செலவு அதிகமாக இருந்ததையும், கத்தோலிக்க, சுயேச்சைப் பள்ளிகள் தாமே முன்னின்று கட்டிக்கொண்டபோது பொதுவாக நல்ல மதிப்பு கிடைத்ததையும் அக்குழு பதிவு செய்தது. தனக்கு எது தேவை என்று அந்தப் பள்ளிக்கே தெரியும். அந்தத் தெளிவை எழுத்தில் வடித்து வைத்திருக்கும் பள்ளிக்கு, தேவையற்ற ஒன்றைக் கட்டிக் கொடுப்பது யாருக்கும் கடினமாக இருக்கும்.

அமெரிக்காவின் அனுபவம் வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது. அங்கே 2009 பிப்ரவரி 17ஆம் தேதி கையெழுத்தான மீட்சிச் சட்டத்தின் கீழ், மாநிலங்களின் வரவு செலவுத் திட்டங்களில் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பி ஆசிரியர் பணிநீக்கத்தைத் தடுக்கும் பொருட்டு ஏறத்தாழ 48.6 பில்லியன் டாலர் பகிர்ந்தளிக்கப்பட்டது. பள்ளிகளோடு அரசு கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதில் பங்கு பெற்றன. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று சட்டங்களின் வழியாகப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 190 பில்லியன் டாலர் சென்றது. அதில் கடைசிப் பகுதியைப் பெற்ற பள்ளி மாவட்டங்கள், தமக்குக் கிடைத்ததில் குறைந்தது 20 விழுக்காட்டை மாணவர்கள் இழந்த கற்றலை ஈடுசெய்யச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மிகச் சரியான நிபந்தனை என்று கருதுகிறேன். கட்டடம் கண்ணுக்குத் தெரியும். ஒரு பிள்ளை வாசிப்பில் பின்தங்கியது எளிதில் தெரிவதில்லை. எனினும், அந்த நிதியை ஒப்பந்தங்களில் ஈடுபடுத்துவதற்கான காலக்கெடு 2024 செப்டம்பர் 30ஆம் தேதியுடன் முடிந்தது. அதை நம்பி நிரந்தரப் பணியாளர்களை நியமித்திருந்த மாவட்டங்கள் அவர்களுக்கு ஊதியம் தர வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இந்த எச்சரிக்கை நம் சங்கத்துக்கும் நேரடியாகப் பொருந்தியது. இவ்வாண்டு சங்கத்துக்குக் கிடைத்த ஒருமுறை மானியத்தைக் கொண்டு மாலை வகுப்புக்குக் கூடுதல் ஆசிரியர் ஒருவரை நியமிக்கலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கோரினர். கோரிக்கையின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அடுத்த ஆண்டு மானியம் வராவிட்டால் வகுப்பு நடுவில் நின்று, தேர்வு நெருங்கும் நேரத்தில் பிள்ளைகள் கைவிடப்படுவார்கள். எனவே அத்தொகையை மின்னிணைப்புச் சோதனைக்கும் வாசிப்பு மூலைக்கான அலமாரி, நூல்களுக்கும் செலவிட்டோம். மாலை வகுப்பு உறுப்பினர் சந்தாவிலும் மாதாந்திர நன்கொடையிலும் மட்டுமே தொடர்ந்து நடைபெறும். பொருளாளரின் கணக்கறிக்கையில் விவரம் உள்ளது.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், வீட்டிலிருந்து கற்றல் என்பது லயத்து வீடுகளில் ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்வதாக இருந்ததை நாம் அனைவரும் அறிவோம். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டம், அரசு சார்பு நிறுவனங்களின் 150 மில்லியன் ரிங்கிட் பங்களிப்பில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் திட்டமிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன என்பதை நினைக்கும்போது, சேரவேண்டிய இடங்கள் எவ்வளவு மிஞ்சின என்பது புரியும். அக்காலத்தில் நன்கொடையாளர்கள் நமக்களித்த பழைய மடிக்கணினிகளை இவ்வாண்டு பழுது பார்த்து, இரவல் முறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்து வருகிறோம். மின்கலம் மாற்றும் செலவே கூடுதலாக வருகிறது. இலவசமாக வரும் எந்தக் கருவிக்கும் பராமரிப்புச் செலவு யாருடையது என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உயர்கல்வியைப் பொறுத்தவரை, நம் ஊரையொட்டிச் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்திருந்தாலும், நம் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு நடத்தும் சங்லூன் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கும் ஜித்ரா, கூலிம் பாலிடெக்னிக்குகளுக்கும் செல்கின்றனர். அங்கே கட்டணத்தைவிடத் தங்குமிட முன்பணமும் பேருந்துச் செலவும் முதல் மாதச் சாப்பாட்டுச் செலவுமே அவர்களைத் தடுமாற வைக்கின்றன. 2020 மார்ச் 27ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ‘பிரிஹாத்தின்’ என்ற பெருந்தொற்றுக் கால ஊக்குவிப்புத் திட்டத்தில் உயர்கல்வி மாணவர்களுக்கு ஒருமுறை 200 ரிங்கிட்டும், பி.டி.பி.டி.என். எனப்படும் அரசு உயர்கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் ஆறு மாத ஒத்திவைப்பும் கிடைத்தன. அதே மாதம் அமெரிக்கா இயற்றிய நிவாரணச் சட்டத்தில், கல்லூரிகளுக்குக் கிடைத்த பங்கில் குறைந்தது பாதியை மாணவர்களின் அவசரத் தேவைக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. கல்லூரியின் கட்டடத்தைக் காப்பதோடு நிற்காமல், படிப்பைப் பாதியில் விட்டுவிடக் கூடிய மாணவரைக் காப்பதும் ஊக்குவிப்பு நிதியின் வேலை என்பதை அவ்விதி தெளிவாக ஏற்றுக்கொண்டது. நம்மிடம் அத்தகைய பெருநிதி இல்லை. ஆயினும், வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைச் சங்கம் தொடங்கி, முதல் மாதச் செலவுக்குத் திண்டாடிய மாணவர்களுக்கு உதவியது. அரசு உதவிகளுக்கான இணைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் தன்னார்வலர்கள் அமர்ந்தனர். பெற்றோரின் வருமானச் சான்று இல்லாததே விண்ணப்பங்கள் தடைபட்டதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது. நாட்கூலிக்கு வேலை செய்யும் பெற்றோர்கள் இதை முன்கூட்டியே பெற்று வைக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலவை இரண்டு தீர்மானங்களை இப்பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறது. தயார்நிலைக் கோப்பு ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டத்துக்கு முன் புதுப்பிக்கப்பட்டு, விலைப்புள்ளிகள் மாற்றப்பட்டு, அதன் படி ஒன்று தலைமையாசிரியரிடமும் மற்றொன்று மேலாளர் வாரியத்திடமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது முதலாவது. பள்ளி நிலத்தைப் பள்ளியின் பயன்பாட்டுக்கு எழுத்து மூலம் உறுதிசெய்யும் கடிதத்தையும், முடிந்தால் நில மாற்றத்தையும் தோட்ட நிர்வாகத்திடம் கோரும் குழுவுக்குச் சங்கம் முழு அதிகாரம் அளிக்க வேண்டும் என்பது இரண்டாவது. நிர்வாகத்துடனான அடுத்த சந்திப்புக்கு வர விரும்பும் பெற்றோர்கள், குறிப்பாகத் தோட்டத்தில் இன்னும் பணிபுரிகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.